பால்மாப் பேணிக்குள் இருந்த 3,750 ரூபா

எங்கள் வீட்டில் காசைப் பற்றிய பாடம் பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தொடங்கியது நான் என் மகளிடம் பிடிபட்ட நாளில்தான். அதற்கு முன் நானும் மற்றத் தாய்மாரைப் போல "காசு மரத்தில காய்க்கிறேல்லை" என்று சொல்லிக்கொண்டும், பிறந்தநாளுக்கு வரும் நோட்டுகளைப் பேணிக்குள் போடச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பேணி நிறைந்தால் பிள்ளை பொறுப்பாக வளர்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவர் நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றை வைத்திருக்கிறார். நான் உப்புவெளியில் முன்பள்ளி ஆசிரியை. எனக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது, கொடுப்பனவு என்றுதான் சொல்லலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஆண்டின் பருவம் முழுவதும் கரை வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்து சேர்ந்தது. படகு மணலில் ஏறிக் கிடக்க, கடன் கொடுத்த கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசி, ஒரு நாள் பகல் மகளின் பேணியைக் கவிழ்த்து 500 ரூபா எடுத்தேன். மூடியில் கத்தியால் கீறிய துவாரம் வழியாக நோட்டை இழுத்தெடுக்க ஒரு கொண்டையூசி போதுமாக இருந்தது. பிறகு இன்னொரு 500. பிறகு 1,000. திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் மகள் பேணியைத் திறந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தான் போட்ட ஒவ்வொரு தொகையையும் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் அவள் எழுதிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. கணக்கின்படி 4,210 ரூபா இருக்க வேண்டும். பாயில் கொட்டி எண்ணியபோது சில்லறையாக 460 ரூபா மட்டுமே இருந்தது. தம்பியைச் சந்தேகப்பட்டு அவனோடு சண்டை பிடிக்கத் தொடங்கியபோது நான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "நான்தான் எடுத்தனான், பிள்ளை. கடனா எடுத்தனான்" என்றேன். அவள் அழவில்லை. "கடன் எண்டா கேட்டெல்லோ எடுக்கிறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு ஒரு புதிய கொப்பியை எடுத்து, முதற்பக்கத்தில் திகதி போட்டு, "அம்மா மகளிடம் பெற்ற கடன் 3,750 ரூபா" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாதம் 750 வீதம் ஐந்து மாதங்களில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம். வங்கி வட்டி கொடுக்கிறதல்லவா என்று அவள் கேட்டதற்காக, ஆறாவது மாதம் 150 ரூபா சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது தவணை மட்டும் பத்து நாள் பிந்தியது. பிந்துவதற்கு முதல்நாளே அவளிடம் போய்ச் சொன்னேன், ஏனென்றால் கடன்காரர் ஒளிந்து திரிவதைப் பிள்ளைகள் ஊரில் கண்டிருக்கிறார்கள். அந்தக் கொப்பிக்குக் "காசுக் கொப்பி" என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பிள்ளையின் பேணியில் கை வைக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கை வைத்தால் எழுதிவைக்க வேண்டும், அந்த எழுத்தைப் பிள்ளைக்குக் காட்டவும் வேண்டும் என்பதே என் அனுபவம்.

வீட்டின் காசை மறைத்து வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் காசைப் பழக்க முடியாது என்பது எனக்கு முழுமையாகப் புரிய மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன. 2023 ஓகஸ்ட் மாதம். பயணிகள் திரும்பவும் வரத் தொடங்கியிருந்தார்கள். கணவர் மாலையில் வந்து சட்டைப்பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைப்பார். கடல் தண்ணீர் தெறித்து அவை எப்போதும் நனைந்திருக்கும். நான் பத்திரிகைத் தாளின் மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் சிப்பிகளைப் பாரமாக வைத்துக் காயவிடுவேன். பெற்றோல் மணம் அறை முழுவதும் நிற்கும். அப்படிப் பரப்பியிருந்த ஒரு மாலையில் ஒன்பது வயது மகன் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு இருக்கு, ஏன் இல்லை இல்லை எண்டு சொல்லுறீங்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். அவன் கண்ணுக்குத் தெரிந்தது 24,000 ரூபா.

அவனைப் பக்கத்தில் இருத்தி, அவன் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். முதலில் பெற்றோலுக்கும் எண்ணெய்க்கும் 7,500. அந்த நோட்டுகளை அவன் எண்ணி ஒரு சிப்பியின் கீழ் வைத்தான். படகில் கூட வரும் தம்பியின் கூலி 4,000. எஞ்சினுக்கு எடுத்த கடனில் அந்த நாளின் பங்கு 3,000. பழுது பார்க்க 2,000. மாரிக்கு 4,000. ஐந்தாவது சிப்பியையும் வைத்த பிறகு தாளில் 3,500 ரூபா கிடந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இதிலதான் சாப்பாடா?" என்றான். "சாப்பாடு, கரண்ட், உன்ர ரியூசன், அக்கான்ர ரியூசன், அம்மம்மான்ர மருந்து" என்று அவனுடைய அப்பா சொல்லிக்கொண்டே போனார். அன்றிரவு அவன் எதையும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்து கேட்டான்: "மாரிக்கு எண்டு ஏன் அவ்வளவு எடுத்தனாங்கள்?"

நம் கரையைத் தெரியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். தென்மேல் காற்றுக் காலத்தில் திருகோணமலைப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை பயணிகள் வருவார்கள். ஒக்டோபரில் வாடை தொடங்கி மழை பிடித்தால் படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான். ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். கரைவலைக்காரர், விடுதிகளில் வேலை செய்பவர், கடற்கரையில் கச்சான் விற்பவர் எல்லோரும் இந்தக் கணக்குக்குள் அடங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒக்டோபர் 1 சிறுவர் தினம், ஒக்டோபர் 31 உலக சேமிப்புத் தினம் என்று எல்லோரும் பிள்ளைகளைச் சேமிக்கச் சொல்லும் மாதத்தில்தான் எங்கள் வீட்டில் வருமானம் நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பாடம் நடத்த வேண்டிய மாதம் ஓகஸ்ட். கையில் காசு புரளும்போதே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மகனைக் கொண்டே கணக்குப் போட வைத்தேன். நல்ல நாட்கள் அறுபது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 4,000 வீதம் 240,000 ரூபா. மாரி ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை ஐந்து மாதம். ஐந்தால் பிரித்தால் மாதம் 48,000. "அதுக்குள்ள எல்லாத்தையும் பாக்கோணுமா?" என்று விரலை மடக்கினான். அந்த மாரியில் தைப்பொங்கலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று தீர்மானித்தபோது அவனும் பக்கத்தில் இருந்தான். வெடி வேண்டாம் என்று அவனாகவே சொன்னான் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அவன் வெடியும் கேட்டான், புதுச்சட்டையும் கேட்டான். ஆனால் இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றபோது அழாமல் வெடியைத் தெரிந்தெடுத்தான். பழைய சட்டையோடு வெடி கொளுத்திய அவனைப் பார்த்து அயலவர் என்னைக் குறை சொன்னதும் உண்மை.

கைச்செலவுக்காசை 2023 ஜனவரியிலிருந்து கொடுக்கிறோம். தொடக்கத்தில் மகனுக்குக் கிழமைக்கு 250, மகளுக்கு 400. எதற்கு இந்தக் காசு, எதற்கு இல்லை என்பதை முதலே பேசாமல் விட்டது எங்கள் பிழை. முதல் திங்கட்கிழமையே மகன் பாடசாலை வாசலில் ஐஸ் பக்கெற், மாங்காய் அச்சாறு, நண்பர்கள் இருவருக்கும் ஒவ்வொரு ரோல்ஸ் என்று முழுவதையும் முடித்துவிட்டான். புதன்கிழமை வந்து கேட்டான். இல்லை என்றேன். வியாழக்கிழமை கொப்பி வாங்க வேண்டும் என்றான். கொப்பி இந்தக் காசிலா, வீட்டுக் காசிலா என்பது எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதினோம்: சாப்பாடும் கொப்பி பேனையும் போக்குவரத்தும் வீட்டுப் பொறுப்பு, வாசல் தின்பண்டம், விளையாட்டுப் பொருள், நண்பருக்குப் பரிசு ஆகியவை அவரவர் பொறுப்பு. சாப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு நாளும் கட்டாயம் போகும். இதை எழுதிய பிறகு "தா, தா" என்ற சத்தம் பாதியாகக் குறைந்தது.

மற்றப் பாதிக்குக் காரணம் என் அம்மா. நான் காசு இல்லை என்று சொன்னால் மகன் அம்மம்மாவிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். அம்மா சேலைத்தலைப்பை அவிழ்த்து 100 ரூபா எடுத்துக் கொடுத்து, "பிள்ளையிட்ட கணக்குப் பாக்கிறியோ, நான் உன்னட்டப் பாத்தனானோ?" என்று என்னையும் ஏசுவார். இதில் சண்டை பிடித்துப் பயனில்லை. பேரப்பிள்ளைக்குக் காசு கொடுப்பது அவருக்கு இருக்கும் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று. பல நாள் யோசித்து, "நீங்கள் குடுங்கோ, அம்மா. ஆனா கேக்கேக்கை குடுக்காமல் சனிக்கிழமையில மட்டும் குடுங்கோ" என்று கேட்டேன். அது அவருக்குப் பிடித்தது. சனிக்கிழமைகளில் ஆறு பேரப்பிள்ளைகளும் பாலையூற்றில் உள்ள அவர் வீட்டில் வரிசையாக நிற்பது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. அழுது வாங்கும் காசுக்கும் திட்டமாக வரும் காசுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு மாற்றம் பிள்ளைகளுக்குப் பழக்கியது.

வீட்டுவேலைக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோப்பை கழுவினால் 20 ரூபா, கூட்டினால் 30 ரூபா என்று தொடங்கினால், நாளைக்குத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னாலும் விலை கேட்கும். ஆனால் வெளியாளுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிற வேலையைப் பிள்ளை செய்தால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம். படகை உரஞ்சிக் கழுவுவதற்கு 200 ரூபா. சரியாகக் கழுவாவிட்டால் திரும்பக் கழுவ வேண்டும். பரீட்சைப் புள்ளிகளுக்குக் காசு கொடுப்பதேயில்லை. புலமைப்பரிசில் முடிந்ததும் உறவினர் கையில் திணிக்கும் ஆயிரம் ரூபா நோட்டுகளை மட்டும் தடுக்க முடியவில்லை.

கோயில் திருவிழாக் கடையில் மகன் 450 ரூபாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியபோது அது இரண்டு நாளில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நின்றது. "நான் சொன்னேனே" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் விட்டதுதான் அந்த 450 ரூபாவில் கிடைத்த பயன் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கடைக்காரரிடம் அவன் தானாகவே, "பழுதானா மாத்தித் தருவீங்களா, அண்ணை?" என்று கேட்டான்.

மகளின் சைக்கிள் கதை இப்படி மலிவாக முடியவில்லை. அதில் பிழை முழுவதும் எங்களுடையது. பிறந்தது முதல் அவளுக்கு வந்த கைவிசேடம், பிறந்தநாட்காசு எல்லாவற்றையும் என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தேன். சிறுவர் கணக்கில் போட்டால் பதினெட்டு வயது வரை சாதாரணமாக எடுக்க முடியாது என்பதால் அப்படிச் செய்தேன். பேணிக் காசு வேறு, இது வேறு. இதில் நான் கை வைக்கவில்லை. 2019 முடிவில் அதில் 18,000 ரூபா இருந்தது. அவள் விரும்பிய சைக்கிள் அப்போது 17,500. "ஆறாம் வகுப்புக்குப் போனதும் வாங்கலாம், அதுவரைக்கும் வட்டியும் ஏறும்" என்று தள்ளிப்போட்டோம். 2022இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் ஆட்டோவும் நின்றபோதுதான் சைக்கிள் உண்மையாகவே தேவைப்பட்டது. கடையில் விலை கேட்டோம்: 48,000. கணக்குப் புத்தகத்தில் 19,800.

அவள் கணக்குப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்டும் செலவழிக்கேல்லையே, அம்மா, எப்படிக் குறைஞ்சது?" என்றாள். காசு குறையவில்லை, காசின் பெறுமதிதான் குறைந்தது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தாலும் அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. 400 கிராம் பால்மாப் பக்கெற் எங்கள் ஒழுங்கைக் கடையில் 380 ரூபாவாக இருந்ததும், ஒரு வருடத்துக்குள் 790 ஆனதும் அவளுக்கே தெரியும். வாங்கி வந்தவள் அவள்தான். அந்த உதாரணத்தைக் கொண்டே விளக்கினேன். கடைசியில் பெரியப்பாவின் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிளுக்கு 6,500 ரூபா செலவில் ரயரும் சங்கிலியும் மாற்றி ஓடினாள்.

மீதிக் காசை என்ன செய்வது என்று அவளே கேட்டாள். 2023 தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. மிச்சமிருந்ததோடு கைச்செலவுக்காசையும் கைவிசேடத்தையும் சேர்த்து 20,000 ஆக்கி ஒரு வருடத்துக்குப் போட்டோம். முடிவில் வட்டி 4,000. அதில் 5 வீத வரியாக 200 பிடித்துக்கொண்டு 3,800 தந்தார்கள். 200 ரூபா ஏன் போனது என்பதில்தான் அவளுக்கு அக்கறை அதிகம். அடுத்த வருடம் வட்டி வீதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததைக் கண்டு, "அப்ப போன முறை இரண்டு வருசத்துக்குப் போட்டிருக்கலாம்" என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு பொருளுக்காகச் சேர்த்த காசு அந்தப் பொருளின் விலையைத் தொட்டதும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நீண்டகாலச் சேமிப்பை வேறாக வையுங்கள். அதிக வட்டி தருகிறோம் என்று வருகிற ஆளிடம் அல்லாமல், மத்திய வங்கி அனுமதித்த இடத்தில் வையுங்கள். அங்கே ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. எங்கள் தொகை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை என்றாலும், இப்படி ஒன்று இருக்கிறது என்பதையாவது பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

எல்லாவற்றிலும் கூடுதலாகப் பிள்ளைகள் படித்தது ஒரு சீட்டில். நானும் இன்னும் ஒன்பது பெண்களும் மாதம் 5,000 வீதம் குலுக்கல் சீட்டுப் பிடிக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு 2024இல் மகளும் மகனும் மாமா, மாமி பிள்ளைகள் மூவரும் சேர்ந்து கிழமைக்கு 100 ரூபாச் சீட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். ஐந்து பேர், ஐந்து கிழமை, 500 ரூபா. அம்மம்மா வீட்டில் சனிக்கிழமை குலுக்கல். கிண்ணியாத் தயிர் வாங்கிய வெறுஞ்சட்டியைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் பெயர்த் துண்டுகளைப் போட்டுச் சின்னவளை எடுக்க வைத்தார்கள். முதல் கிழமை மச்சான் முறையான பையனுக்கு விழுந்தது. கிரிக்கெட் பந்தும் கையுறையும் வாங்கினான். இரண்டாம் கிழமை ஒழுங்காகக் கட்டினான். மூன்றாம் கிழமை வரவில்லை. நான்காம் கிழமை வந்தான், காசு இல்லை என்றான். கடைசி மூன்று பேருக்கும் 400 வீதம்தான் கிடைத்தது. கடைசியில் எடுத்தவன் என் மகன். ஐந்து கிழமை பொறுத்திருந்து, 500 கட்டி, 400 வாங்கியவன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

இங்கே நான் தலையிட்டதுதான் தவறு. பையனின் தாயிடம், அதாவது என் மச்சாளிடம், விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் உடனே பையிலிருந்து 300 ரூபாவை எடுத்து நீட்டினார். "மச்சாள், நீங்கள் குடுக்க வேண்டாம், அவன் உழைச்சுக் குடுக்கட்டும்" என்றேன். நான் நினைத்தது பிள்ளையின் நன்மை. அவருக்குக் கேட்டதோ, பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்று. இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. 300 ரூபாவுக்காக உறவு முறிந்தது என்று ஊர் சொல்லியிருக்கும்.

பிள்ளைகளோ எங்களைவிடப் புத்தியாக நடந்துகொண்டார்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்த காலத்திலேயே அவர்கள் ஐவரும் அம்மம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து புதிய சட்டம் எழுதினார்கள். என் சீட்டில் முதற் சீட்டு எப்போதும் சீட்டை நடத்துகிற தாய்ச்சிக்குத்தான் என்பது ஏன் என்று மகள் என்னிடம் முன்பு கேட்டிருந்தாள். யாராவது கட்டாமல் விட்டால் தாய்ச்சி தன் கையிலிருந்து போட வேண்டும், அந்தப் பொறுப்புக்குத்தான் அது என்று சொல்லியிருந்தேன். இப்போது அவள்தான் தாய்ச்சி. முதற் சீட்டு அவளுக்கு, கட்டாதவரின் காசு அவள் பொறுப்பு. "அப்ப அக்கா ஓடினா?" என்று மகன் கேட்டான். அதற்கும் ஒரு விதி எழுதினார்கள்: தாய்ச்சியின் 500 ரூபா ஐந்தாம் கிழமை வரை அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கும். பழைய கடன்காரப் பையனையும் அவர்கள் விலக்கவில்லை. அவன் பெயரைச் சட்டிக்குள் போடாமல் கடைசிச் சீட்டை அவனுக்கு ஒதுக்கி, அதிலிருந்து 300 ரூபாவைக் கழித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வங்கியில் வேலை செய்பவர்கள்கூட இதைவிட நன்றாக யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். மச்சாளும் பிறகு சமாதானமானார். பேச்சை அவர்தான் தொடங்கினார் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

கைத்தொலைபேசி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதே கதைதான். என் தொலைபேசியில் போட்டிருந்த ரீலோட் காசில் ஒரு விளையாட்டுக்குள் "வைரம்" வாங்கி மகன் 1,450 ரூபாவை முடித்திருந்தான். திரையில் தொட்டால் காசு போகிறது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. நோட்டைக் கையால் எண்ணிப் பழகிய பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியாத காசு காசாகத் தோன்றவில்லை. அடிக்கவில்லை. கிழமைக்கு 100 வீதம் பதினான்கு கிழமையும், கடைசிக் கிழமை 50உம் திருப்பிக் கட்டினான். காசுக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் அவனே கோடு போட்டான். கொள்வனவுக்கு இரகசிய எண் கேட்கும்படி தொலைபேசியை அன்றே மாற்றிவிட்டேன். யார் அழைத்துக் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும், குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைச் சொல்லக்கூடாது என்பதையும் அதே நாளில் சொல்லிவைத்தேன். பிறகு ஒருநாள் அப்படி ஓர் அழைப்பு அம்மம்மாவுக்கு வந்தபோது தொலைபேசியைப் பறித்து வைத்தவன் அவன்தான்.

இவ்வளவு எழுதிய பிறகு, நான் மறைத்து வைத்திருந்த ஒன்றையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. எஞ்சின் பழுதுபட்டபோது என் சங்கிலியையும் மகளின் இரண்டு காப்பையும் வங்கியில் அடகு வைத்திருந்தேன். என் சங்கிலியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. காப்புகள் அவளுடைய சாமத்தியச் சடங்குக்கு அம்மம்மா போட்டவை. பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லியிருந்தேன். காசுக் கொப்பியில் அதை எழுதவில்லை. சென்ற நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ் தேடப்போனவள் அடகுச் சீட்டோடு வந்து என் முன் நின்றாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய அதே முகம்.

இந்த முறை அவள் கேட்பதற்கு முன்பே இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்: எவ்வளவு எடுத்தோம், எதற்காக எடுத்தோம், ஏன் அவளிடம் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு காசுக் கொப்பியை எடுத்துவந்து புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, அடகுச் சீட்டைப் பார்த்துத் தொகையையும் வட்டியையும் மீட்க வேண்டிய கடைசித் திகதியையும் எழுதினாள். மாதம் எவ்வளவு ஒதுக்கினால் அடுத்த பருவம் தொடங்கி இரண்டாவது மாதத்தில் காப்பை மீட்கலாம் என்று கீழே கணக்குப் போட்டாள். சங்கிலிக்கு அதற்குள் காசு போதாது என்றும் எழுதினாள். "முதல்ல காப்பு, பிறகு சங்கிலி. சரியா, அம்மா?" என்று கேட்டாள். சரி என்றேன். சுவர்க் கலண்டரில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுவிட்டு, அடகுச் சீட்டைக் கொப்பிக்குள் வைத்து, கையெழுத்துப் போடும்படி பேனையை என்னிடம் நீட்டினாள்.